நலம் கேட்கும் பாட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனாலும் ‘தில்லானா மோகனாம்பா’ளில் ‘நலந்தானா’ பாடல் வரும்போதெல்லாம் கண் கலங்கிவிடுகிறது. அதே பாடலை வானொலியில் கேட்டால் இனிமையாக இருக்கிறதே தவிர, அழுகை வருவதில்லை. சங்கீத ஞானமே இல்லாத ஒருவனை இசையை மையமாகக் கொண்ட படம் இப்படி உலுக்குவது எதனால்?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

வானொலியில் வராத அழுகை திரையில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடையின் பாதி அதிலேயே இருக்கிறது. வானொலியில் நாம் பாட்டை மட்டும் கேட்கிறோம். திரையிலோ, அந்தப் பாட்டை விட்டால் வேறு வழியில்லாத இருவரையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

விஷக் கத்தி பாய்ந்த காயத்திலிருந்து மீண்டு வந்திருக்கும் நாகஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்திடம், உடம்பு எப்படி இருக்கிறது என்று அவரைக் காதலிக்கும் நாட்டியக்காரி மோகனா நேரில் கேட்டுவிட முடியாது. எதிரே சபை உட்கார்ந்திருக்கிறது. தாய் வடிவாம்பாளுக்கோ இந்த உறவே பிடிக்காது. ஆகவே அவள் ஆடிக் கேட்கிறாள். சபைக்கு அது ஒரு நாட்டியப் பாடல், அவனுக்கு மட்டும் அது நலம் விசாரிப்பு. சுசீலாவின் குரல் விட்ட இடத்திலிருந்து நாகஸ்வரம் எடுத்துக்கொள்ளும்போது, சொல்லே இல்லாத அந்த வாத்தியம் எப்படிப் பதில் சொல்லப்போகிறது என்று நாமும் அவளோடு சேர்ந்து காத்திருக்கிறோம். நாகஸ்வரம் முழு மூச்சையும் கேட்கும் வாத்தியம். அடிபட்ட உடம்பு அதை ஊதுகிறது என்பதே ‘நலமாக இருக்கிறேன்’ என்ற பதிலாகிவிடுகிறது. 1968-இல் வந்த அந்தப் படத்துக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியில் பதியும் சிவாஜியின் உதட்டையும் உப்பும் கன்னத்தையும் பார்க்கும் எவருக்கும் அந்த நினைவே வருவதில்லை. இதை உணர ராகத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களுக்குக் கூடுதலாகச் சில நுட்பங்கள் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஒரு படத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். சத்யஜித் ராய் 1958-இல் எடுத்த ‘ஜல்சாகர்’ படத்தில் இசை யாரையும் சேர்த்து வைப்பதில்லை. சங்கீதப் பித்துக் கொண்ட ஒரு ஜமீன்தாரின் சொத்தையும் குடும்பத்தையும் அது விழுங்குகிறது. உள்ளே கச்சேரி நடக்கிறது, வெளியே புயல் அடிக்கிறது, அவருடைய மனைவியும் மகனும் ஆற்றில் படகில் வந்துகொண்டிருக்கிறார்கள். அப்போது அவர் தம் கோப்பையில் ஒரு பூச்சி விழுந்து தத்தளிப்பதைப் பார்க்கிறார். பாட்டு தொடர்கிறது. அந்தப் பாட்டின் இனிமையே நமக்குத் தாங்க முடியாததாகிவிடுகிறது. பிற்பாடு, கையில் மிஞ்சிய கடைசிப் பணத்தில் நடத்தும் நடனக் கச்சேரியில், பக்கத்துவீட்டுப் புதுப் பணக்காரர் நர்த்தகிக்குப் பரிசு கொடுக்கக் கை நீட்டும்போது, ஜமீன்தார் தம் கைத்தடியால் அந்தக் கையைத் தடுத்து, முதல் பரிசு கொடுக்கும் உரிமை விருந்தளிப்பவருடையது என்கிறார். ஓட்டாண்டியாகிவிட்ட மனிதரின் அந்தப் பெருமிதத்தை, படத்துக்கு இசையமைத்த சிதார் கலைஞர் விலாயத் கானின் இசையை நீக்கிவிட்டு என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

கேட்பவருக்கு அந்த நேரத்தில் இழப்பதற்கோ பெறுவதற்கோ ஒன்று இருக்கும்போதுதான் திரையில் இசை நம்மைத் தொடுகிறது. அப்படி எதுவும் இல்லாமல் சபை வெறுமனே கைதட்டும் கச்சேரிக் காட்சிகள், எவ்வளவு பெரிய வித்வான் பாடியிருந்தாலும், என் மனத்தில் தங்கியதில்லை. ‘ஜல்சாகர்’ பார்த்துவிட்டு, அந்தப் புயல் இரவுக் கச்சேரி உங்களை என்ன செய்தது என்று அவசியம் எழுதுங்கள்.