கோதுமையை நிறுத்துவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்

நொய்டாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34, சொந்த ஊர் ஈரோடு பக்கம். கல்யாணமாகி அங்கே போய் எட்டு வருஷம், தினமும் இரண்டு வேளை சப்பாத்திதான். இரண்டு வருஷமாக வயிற்று உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஹீமோகுளோபின் 8.6, ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவே இல்லை. "தானியம் எல்லாமே நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும், அரிசி, கோதுமை, கம்பு எதுவும் வேண்டாம்" என்று ஒரு வீடியோவில் கேட்டுவிட்டு, பத்து நாளாகச் சப்பாத்தியை விட்டிருக்கிறார். வயிறு கொஞ்சம் லேசாக இருக்கிறதாம். அரிசியையும் நிறுத்தட்டுமா என்று கேட்கிறார்.

அரிசியை நிறுத்த வேண்டாம். கோதுமையை, உங்களுக்கு இது விநோதமாகப் படும், இன்றிலிருந்து மறுபடி சாப்பிட ஆரம்பியுங்கள். கொஞ்ச நாளைக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டில் மைதா இருந்தால் ஒரு உருண்டை பிசைந்து, அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, அப்புறம் குழாயடியில் பிடித்து மெல்லக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். மாவுச்சத்து பால் மாதிரி வெள்ளையாக ஓடிவிடும், கடைசியில் ரப்பர் போல இழுபடும் ஒரு பழுப்புக் கட்டி கையில் நிற்கும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விசிறும்போது கிழியாமல் விரிகிறதே, அதற்குக் காரணம் இந்தப் புரதம்தான். அரிசி மாவையோ கேழ்வரகு மாவையோ இப்படிக் கழுவினால் கையில் ஒன்றும் நிற்காது. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதற்கு நெருங்கிய உறவான புரதங்கள் இருக்கின்றன. ஆக, உங்கள் விஷயத்தில் சந்தேகப்பட வேண்டிய தானியங்கள் மூன்றே மூன்று. கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எல்லாம் இந்த வழக்கிலேயே இல்லை.

குளூட்டனை நம் வயிறு முழுசாக ஜீரணிப்பதில்லை. உடைந்த பிறகும் 33 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு துண்டு மிஞ்சுவதை 2002-இல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ள சிலருக்கு, குடல் சுவரில் இருக்கும் ஒரு நொதி (டி.டி.ஜி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்) அந்தத் துண்டை லேசாக மாற்றிவிட, அது நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் அந்நியக் கிருமி போலப் பட்டுவிடுகிறது. அந்த அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் தாக்கத் தொடங்குகின்றன. அதோடு நிற்காமல், அந்த நொதிக்கு எதிராகவே, அதாவது சொந்த உடம்பின் பொருளுக்கு எதிராகவே, உடம்பு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தயாரிக்கிறது. இதுதான் சீலியாக் நோய். சிறுகுடலின் உள்பக்கம் கம்பளம் போல நிற்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடும். பாதிப்பு அதிகம் விழுவது சிறுகுடலின் முதல் பகுதியில், இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் அங்கேதான். மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இந்த நோய்தான். பல பேர் வருஷக்கணக்கில் மாத்திரை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், குடலைப் பார்க்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வேதனை.

கோதுமைதான் காரணம் என்று உலகத்துக்குச் சொன்னவர் வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோய் இருந்த குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள்.

நம் ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த இந்திய ஆய்வு 2016-இல் வந்தது. அந்த மரபணு வகை உள்ளவர்கள் வடக்கே சுமார் 38 சதவீதம், தெற்கே 36 சதவீதம், பெரிய வித்தியாசமே இல்லை. நோயோ வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். தினசரி கோதுமை அளவைப் பார்த்தால் அங்கே 455 கிராம், இங்கே 25 கிராம். அரிசிச் சோற்றில் வளர்ந்து, பிறகு சப்பாத்திக்கு மாறிய உங்களைப் போன்றவர்களுக்கு இந்த எண்கள் நிறையச் சொல்கின்றன. நோய் இருக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், சோதிக்கக் காரணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, சோதனைக்கு வருவோம். கேட்க வேண்டியது டி.டி.ஜி – ஐ.ஜி.ஏ என்ற ரத்தப் பரிசோதனை (ஐ.ஜி.ஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை), கூடவே மொத்த ஐ.ஜி.ஏ அளவும். உடம்பில் ஐ.ஜி.ஏ-வே குறைவாக இருக்கும் ஒருவருக்கு முதல் சோதனை பொய்யாக நார்மல் காட்டும், அதனால்தான் இரண்டாவது. இந்த எதிர்ப்பொருள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரைதான் ரத்தத்தில் ஒழுங்காகத் தெரியும், விட்டால் மெல்ல இறங்கும், குடலும் ஆற ஆரம்பிக்கும், அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்தாலும் குழப்பம்தான். பத்து நாள்தானே ஆகியிருக்கிறது, இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். பாசிட்டிவ் என்றால் நேராகக் குடல் மருத்துவரிடம் போய் எண்டோஸ்கோப்பியில் சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்யலாம். நெகட்டிவ் என்றால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சேர்த்து ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

லேப்களில் "200 உணவுகளுக்கு ஒவ்வாமை சோதனை" என்று ஐ.ஜி.ஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று விற்கிறார்கள், அதற்குப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும், நோயைக் காட்டாது.

கோதுமை அலர்ஜி வேறு. அது ஐ.ஜி.இ என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளால் வருவது, சாப்பிட்ட சில நிமிஷங்களிலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், இழுப்பு வரும். சிலருக்குச் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ உடற்பயிற்சி செய்தாலோ மட்டும் வரும், மயங்கி விழும் அளவுக்கும் போகும். உங்களுக்கு மூச்சுத்திணறல் போல ஏதாவது வந்திருந்தால் மேலே சொன்ன மாதிரி கோதுமையை மறுபடி சாப்பிட்டுப் பார்க்கவே கூடாது, முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. சோதனை எல்லாம் நார்மல், ஆனாலும் கோதுமை சாப்பிட்டால் உப்புசம். இவர்களில் பலருக்குக் குளூட்டன் காரணமே இல்லை, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட் பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்குகிறது. நார்வேயில் 59 பேரிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வில் குளூட்டனைவிட ஃப்ரக்டான்தான் அதிகத் தொந்தரவு தந்தது. வெங்காயம், பூண்டிலும் இதே ஃப்ரக்டான் உண்டு. பத்து நாளில் வயிறு லேசானதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தானியமே எதிர்ப்புச் சக்திக்கு எதிரி என்று சொல்வது தப்பு. தவிட்டோடு இருக்கும் தானியங்களின் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற பொருளாக மாற்றுகின்றன. அது குடல் சுவர் செல்களுக்கு எரிபொருள், எதிர்ப்பு அணுக்களை நிதானமாக வைத்திருக்கவும் உதவுகிறது. ஆறிய சோற்றிலும் இப்படி பாக்டீரியாவுக்குப் போய்ச்சேரும் மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது. ரத்தம் இவ்வளவு குறைந்த நேரத்தில் எல்லாத் தானியத்தையும் விட்டால் பலவீனம்தான் மிஞ்சும்.

சீலியாக் என்று உறுதியானால் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுக்க விட வேண்டும், விட்டதும் பெரும்பாலோருக்கு ரத்தம் ஏற ஆரம்பிக்கும். ரவை, சேமியா, பார்லி மால்ட் கலந்த பானங்கள் எல்லாம் கணக்கில் வரும். பலர் ஏமாறுவது பெருங்காயத்தில். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கூட்டுப் பெருங்காயம் என்றால் அதில் கோதுமை மாவோ மைதாவோ பெரும்பாலும் இருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கம்பு, கேழ்வரகு மாவை மில்லில் அரைத்தால், அதே இயந்திரத்தில் சற்று முன் கோதுமை அரைத்திருந்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும், வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது.

அப்புறம், உங்களுக்கு ஆறு வயதில் மகன் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் ரிப்போர்ட் பாசிட்டிவ் என்றால் அவனுக்கும், ஈரோட்டில் இருக்கும் உங்கள் அம்மா, அப்பா, தம்பிக்கும் அதே ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள், நெருங்கிய ரத்த உறவில் பத்தில் ஒருவருக்கு இது இருக்க வாய்ப்புண்டு. அதுவரை அவனுக்குச் சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்.