வேர் நுனி வளர்வதைக் கணினியில் காட்ட எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு படிக்கிறேன். செம்பனைக் கன்றின் வேர் நுனி வளர்வதைக் கணினியில் மாதிரியாகக் காட்ட வேண்டும். சாதாரண மடிக்கணினி, பள்ளி ஆய்வுக்கூடம், ஒரு ஸ்கேனர் இருக்கின்றன. பைத்தான் ஓரளவு தெரியும். எப்படித் தொடங்குவது?

பதில்: செம்பனையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு மக்காச்சோளத்தில் தொடங்குங்கள். மக்காச்சோளத்தின் முதல் வேர் 29 டிகிரி வெப்பத்தில் மணிக்குச் சுமார் 3 மி.மீ. நீளும். செம்பனை வேர் ஒரு நாள் முழுக்க 3 மி.மீ. நீள்வதாக வைத்துக்கொண்டால், அரை மணிக்கு 0.06 மி.மீ.தான் நகரும். 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 பிக்சல்) ஸ்கேனில் ஒரு பிக்சல் 0.021 மி.மீ. ஆக மொத்த நகர்வே மூன்று பிக்சல். அதை வைத்து எந்த வளைகோட்டையும் நம்பி வரைய முடியாது.

அடுத்து, தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதை முடிவு செய்யுங்கள். பெரும்பாலான மாதிரிகள் கெடுவது இங்கேதான். விதையைப் பூஜ்ஜியமாக வைத்தால் எல்லா அளவும் நேரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். நுனியைப் பூஜ்ஜியமாக வைத்துப் பின்னோக்கி அளந்து பாருங்கள்: நுனி அசையாமல் நிற்கும், செல்கள் அதை விட்டு விலகிப் பின்னால் போகும். நுனியருகே மெதுவாக, நடுவில் வேகம் கூடிக்கூடி, 10 மி.மீ. தாண்டியதும் முழு வேகத்தில். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, சுழி மட்டும் ஒரே இடத்தில் நிற்பதைப் போல, செல்கள் மாறினாலும் இந்த வேகக்கோடு மாறாது. மாதிரியின் அடித்தளம் இந்தக் கோடுதான். எரிக்சனும் சாக்ஸும் 1956இல் மக்காச்சோள வேரில் செய்து காட்டியதும் இதைத்தான்.

அளக்கும் முறை: விதையில் மருந்து பூசியிருந்தால் நன்றாகக் கழுவி ஊறவைத்து, ஈர வடிதாளில் முளைக்க விடுங்கள். வேர் 2, 3 செ.மீ. ஆனதும் நுனியிலிருந்து 12 மி.மீ. வரை, அரை மி.மீ.க்கு ஒன்றாக, தண்ணீரில் கரையாத கறுப்பு மையால் புள்ளி வையுங்கள். மெல்லிய முடித் தூரிகை போதும். அழுத்தினால் வேர் வளைந்துவிடும். ஸ்கேனரை நிமிர்த்தி நிறுத்தினால்தான் வேர் நேராகக் கீழ்நோக்கி இறங்கும். படம் எடுக்காத நேரத்தில் கறுப்புத் துணியால் மூடி, வடிதாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் வெகுவாக மாறும். வெப்பம் மாறினால் வேகக்கோடும் மாறும். மாறாது என்ற அடிப்படையே உடைந்துவிடும். குளிர்சாதன அறையில் ஒரே வெப்பத்தில் வையுங்கள், பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் இருக்கட்டும்.

அரை மணிக்கு ஒரு படமாக எடுத்து, ஃபிஜி (Fiji) என்ற பட அளவீட்டு மென்பொருளில் புள்ளிகளின் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி நுனியை விட்டு எவ்வளவு விலகியது என்பதை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தைப் புள்ளி தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் பதியுங்கள். தொடங்கிய இடத்தில் பதிந்தால் கோடு முழுவதும் நுனிப் பக்கம் தள்ளிப்போகும்.

நமக்கு உண்மையில் வேண்டியது நீட்சி வீதம், அதாவது வேகக்கோட்டின் சரிவு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வேகங்களைக் கழித்து அதைக் கணக்கிடாதீர்கள். ஒவ்வொரு இடக்குறிப்பிலும் ஒரு பிக்சல் பிழை என்றால், இரு புள்ளி, இரு படம் என நான்கு குறிப்புகளில் சேரும் பிழை சுமார் 0.04 மி.மீ. அதை அரை மி.மீ.யாலும் அரை மணியாலும் வகுத்தால் மணிக்கு 0.17 ஆகிறது. மக்காச்சோள வேரின் உச்ச நீட்சி வீதமே மணிக்கு 0.45 அளவுதான், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழையிலேயே போய்விடும். எனவே முதலில் எல்லா வேகப் புள்ளிகளுக்கும் ஒரே வளைகோட்டைப் பொருத்துங்கள், சரிவை அந்தக் கோட்டிலிருந்து எடுங்கள்.

எஸ் வடிவ லாஜிஸ்டிக் கோடு இதற்கு நன்றாகப் பொருந்தும். இறுதி வேகம் மணிக்கு 3 மி.மீ., பாதி வேகம் 4.5 மி.மீ.யில், கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் கெழு மி.மீ.க்கு 0.6 என்று வைத்துப் பாருங்கள். ஒரு சிக்கல் வரும்: நுனியில் வேகம் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், இந்தக் கோடோ அங்கே 0.19 கொடுக்கும். அந்த 0.19ஐக் கோடு முழுவதிலும் கழித்து, இறுதி வேகம் மீண்டும் 3 ஆகும்படி 1.067ஆல் பெருக்குங்கள். இப்போது உச்ச நீட்சி வீதம் மணிக்கு 0.48.

இனி நிரல். ஒரு செல் வரிசையின் எல்லைகளை ஒரு பட்டியலில் வைத்து, 0.05 மணிநேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எல்லையையும் அந்த இடத்து வேகத்தால் நகர்த்துங்கள். சரிபார்க்க என்னிடம் மூன்று கணக்குகள் உண்டு. 1 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குப் போக 4 மணிநேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும்; அங்கிருந்து 10 மி.மீ. வரை 6 மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. 3 மி.மீ.யில் 50 மைக்ரோமீட்டர் நீளமுள்ள செல், இனிப் பிரியாது என்றால், 10 மி.மீ.யில் 200 மைக்ரோமீட்டர் ஆக வேண்டும். பிரிதல் நின்ற பகுதியில் வேகத்தைச் செல் நீளத்தால் வகுத்தால் எங்கும் ஒரே எண், இங்கே மணிக்குச் சுமார் 14.5 செல்கள், வர வேண்டும். அந்த எண் இடத்துக்கு இடம் மாறினால் நிரலில் செல்கள் தொலைகின்றன, அல்லது வேகத்தைத் தவறான இடத்தில் படிக்கிறீர்கள்.

நீட்சி ஏன் அங்கே அவ்வளவு என்று கேட்டால்தான் இயற்பியல் வருகிறது. லாக்கார்ட் 1965இல் கொடுத்த சமன்பாடு எளியது: நீட்சி வீதம் = செல் சுவரின் இளக்கம் × (செல்லின் உள்ளழுத்தம் − சுவர் இளகத் தொடங்கும் அழுத்தம்). உள்ளழுத்தம் 0.5 மெகாபாஸ்கல், தொடக்க அழுத்தம் 0.3 என்றால், மணிக்கு 0.45க்கு இளக்கம் 2.25 ஆக இருக்க வேண்டும். வளரும் பகுதியில் உள்ளழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான், எனவே இடத்துக்கு இடம் மாற்ற வேண்டியது சுவரின் குணம். கழித்து வருவது எதிர்மறையானால் பூஜ்ஜியமாக்குங்கள். மறந்தால் தண்ணீர் குறைந்ததும் உங்கள் வேர் சுருங்கத் தொடங்கும்.

செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 2007இல் கிரீனைசனும் உடன் ஆய்வாளர்களும், ஆக்சினைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் ‘பின்’ (PIN) புரதங்கள் அமைந்திருக்கும் திசையே நுனியில் ஆக்சின் குவியப் போதும் என்று கணினி மாதிரியில் காட்டினார்கள். தடை கால அளவில் இருக்கிறது. ஆக்சின் தண்ணீரில் பரவும் கெழு நொடிக்குச் சுமார் 600 சதுர மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டர் கட்டங்களில் நேர்முறையாக, அதாவது ஒவ்வொரு படியையும் முந்தைய படியின் மதிப்புகளிலிருந்தே, கணக்கிட்டால் காலப்படி 0.083 நொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும். 10 மணிநேர வளர்ச்சிக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகின்றன. வளர்ச்சியை விட ஆக்சின் மிக வேகமாகச் சமநிலைக்கு வருவதால், ஒவ்வொரு வளர்ச்சிப் படியிலும் ஆக்சினின் நிலைத்த பரவலை மட்டும் பைத்தானின் அறிவியல் கணக்கீட்டு நூலகமான சைபையில் (SciPy) ஒரே அணிச் சமன்பாடாகத் தீருங்கள். மடிக்கணினி தாங்கும்.

செம்பனைக்குத் திரும்பும்போது நாற்றங்காலின் முளைவிட்ட விதையில் இதே அளவீட்டைச் செய்யுங்கள், ஆனால் படங்களுக்கு இடையே 8 மணிநேரம் விடுங்கள். நாள் ஒன்றுக்கு 3 மி.மீ. என்றால் அதற்குள் 1 மி.மீ. நகர்ந்திருக்கும், பிக்சல் பிழை பொருட்டாக இராது. முழு வேர்த் தொகுப்பு வேண்டுமானால் அது வேறு வகை மாதிரி. ஜூர்டானும் ரேயும் 1997இல் செம்பனைக்கு அதைச் செய்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு நுனியும் ஒரு வேகமும் ஒரு திசையும் கொண்ட புள்ளியாகச் சுருங்கிவிடும். நீங்கள் அளந்த இறுதி வேகத்தை அந்தப் புள்ளிக்கு நேரடியாகக் கொடுக்கலாம்.