கேஸ் போடுவது யார் கையில் இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் கோவைப் பக்கம். வேலந்தாவளம் சந்தையில் மூட்டை இறக்கும்போது வந்த தகராறில் என் தம்பியை அடித்துவிட்டார்கள். மணிக்கட்டு உடைந்திருக்கும் போலிருக்கிறது. இங்குள்ள காவல் நிலையத்தில், "சம்பவம் கேரளாவில், அங்கே போங்கள்" என்கிறார்கள். அடித்தவரின் ஆட்களோ, "புகார் கொடுத்தாலும் திரும்பப் பெற்றுவிடலாம், பேசிக்கொள்வோம்" என்கிறார்கள். கேஸ் போடுவதும் விடுவதும் யார் கையில் இருக்கிறது?

பதில்: முதலில் பேசப்போவது எக்ஸ்ரே. எலும்பு முறிந்திருந்தால் அது கொடுங்காயம். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 117(2)இன்படி ஏழு ஆண்டு வரை சிறை. காவல்துறை தானே விசாரிக்கலாம். வெறும் வீக்கம் என்றால் அது சாதாரணக் காயம், அதே சட்டத்தின் 115(2). மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்கவே முடியாது. மருத்துவமனையில் தம்பி என்ன சொன்னார்? வம்பு வேண்டாமென்று "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். மருத்துவமனையில் அதைப் பதிந்துவைக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலை இன்றே வாங்கிப் படித்துப் பாருங்கள்.

"அங்கே போங்கள்" என்பது சட்டப்படி நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, காவல்துறை தானே விசாரிக்கக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எந்த நிலைய எல்லை என்று பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) பதிந்து எல்லைக்கு அப்பால் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஆனாலும் நேரே அந்தப் பக்க நிலையத்துக்கே போய்விடுங்கள் என்பேன். சாட்சிகளும் சந்தையும் அங்கேதான் இருக்கின்றன. வழக்கு நடக்கப்போவதும் சித்தூரில்தான். (ஆந்திரச் சித்தூருக்கு வண்டியேறிவிடாதீர்கள்; இது பாலக்காட்டுச் சித்தூர்.) புகாரைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்; குறைகளைத் தெரிவிக்க அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. வாயால் சொல்லி, அவர்கள் மலையாளத்தில் எழுதிக்கொண்டால், வாசித்துக் காட்டச் சொல்லிப் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையவில்லையென்றால், பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம், விசாரிக்க உத்தரவிடக் கேட்டு அதே நடைமுறைச் சட்டத்தின் 175(3)இன்கீழ் மனு.

உங்கள் கேள்விக்கு இனி வருகிறேன். விசாரணை முடிந்ததும் குற்றப்பத்திரிகை போடுவதா, 'ரெஃபர்' செய்து முடித்துவிடுவதா என்று தீர்மானிப்பவர் விசாரணை அதிகாரி. அரசு வழக்கறிஞர் யோசனை சொல்லலாம்; முடிவு அவருடையதல்ல. மாஜிஸ்திரேட்டும் போலீஸ் சொன்னதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. முடித்துவைக்கும் அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லியிருக்கிறது. பிறகுதான் 'குற்றச்சாட்டு வனைதல்', அதாவது எந்தக் குற்றத்துக்காக வழக்கை நடத்துவது என்று நீதிமன்றம் வரையறுப்பது. நீதிமன்றத் தமிழில் எனக்குப் பிடித்த சொல் இது: மண்ணைக் குழைத்துக் கொடுப்பது போலீஸ்; அது பானையா சட்டியா என்பது நீதிபதி வனையும்போதுதான் தெரியும்.

எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் புகாரைத் 'திரும்பப் பெறுவது' என்று ஒன்றில்லை. வழக்கு அரசுடையது, தம்பி அதில் முக்கியச் சாட்சி. அரசே கைவிட நினைத்தாலும், அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் சம்மதம் பெற வேண்டும். தம்பியின் தரப்பைக் கேட்காமல் அந்தச் சம்மதம் கிடைக்காது. சமாதானமாகப் போவதற்கு நடைமுறைச் சட்டத்தின் 359ஆவது பிரிவில் வழி இருக்கிறது. சாதாரணக் காயம் என்றால் தம்பி சம்மதித்தால் போதும். எலும்பு முறிவு என்றால் நீதிமன்ற அனுமதியும் வேண்டும். ஆகவே சந்தைக் கடையில் உட்கார்ந்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லையென்றால், சாதாரணக் காய வழக்கு நீதிமன்றத்துக்கு வர ஓராண்டுதான் கெடு. "பேசிக்கொள்வோம்" என்று அவர்கள் இழுத்தடிப்பது அதற்காகவும் இருக்கலாம்.