செம்பருத்திக் கொழுந்தில் வெள்ளைப் பஞ்சு: என்ன பூச்சி, என்ன செய்வது?

கொழுந்து சுருண்டு, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது என்கிறீர்கள். அது மாவுப்பூச்சிதான். சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும். எறும்பு வருவது அதற்குத்தான். அந்தக் கழிவின் மேல் கரும்பூசணமும் படரும்.

சுருண்ட நுனிகளை முதலில் வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிக்கடியிலேயே போட்டால் திரும்ப ஏறிவிடும். பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுங்கள். மாவுப்பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரமாவது. எறும்பையும் ஒழிக்க வேண்டும்; மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை அது விரட்டிவிடும்.

தெளிக்கும் முன் ஒன்றை அவசியம் பாருங்கள். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, வெள்ளை மெழுகு இழைகளோடு பார்ப்பதற்கு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆனால் அளவில் பெரியது, தொட்டால் சுறுசுறுப்பாக நகரும். பாவம், பலர் அதையும் சேர்த்தே நசுக்கிவிடுகிறார்கள். அது தென்பட்டால் மருந்தை நிறுத்திவிடுங்கள். மாவுப்பூச்சியின் முட்டைகளைக்கூட அது தின்னும்.