கடன் வாங்கி அகலக்கால் வைக்க வேண்டாம்

அம்மா, நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்ப்போம். பெரியப்பா மகன் ஐ.டி.யில் இருக்கிறான், அதனால் மேனேஜ்மென்ட் சீட்டில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆண்டுக்கு 2 லட்சம், அதற்குக் கல்விக்கடன். சாயங்காலம் கோடிங் வகுப்பு, ஞாயிறு டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங். பையனோ லீவு விட்டால் மோட்டார் வைண்டிங் கடையே கதி என்று கிடக்கிறான். பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இந்தத் திட்டம் வேண்டவே வேண்டாம்.

கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். நான்கு ஆண்டுக்கு உங்களுக்கு 8 லட்சம். அப்படியென்றால் வீட்டுப் பத்திரம்தான். படிக்கும்போதும் அதற்கடுத்த ஓராண்டும் தவணை இல்லை, வட்டி மட்டும் ஓடும். ஆண்டுக்கு 2 லட்சமாக வாங்கி, 10% தனிவட்டி என்று வைத்தாலே ஐந்தாண்டில் அது 2.8 லட்சம். பிறகு பத்து ஆண்டுக்கு மாதம் 14,000-க்கு மேல் கட்ட வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொன்ன சொந்தக்காரர்களில் யார் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பி.இ. கவுன்சலிங் பற்றி உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அரசு பாலிடெக்னிக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். +2-வில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எலெக்ட்ரிகல் பிரிவு, இரண்டே வருடம், கட்டணம் சில ஆயிரங்கள்தான். முடித்ததும் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியம் வழியாக உதவித்தொகையோடு ஓராண்டு பயிற்சி. பி.இ. ஆசை இருந்தால் லேட்டரல் என்ட்ரியில் அங்கும் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். டிப்ளமோ மாணவர்கள் பலர் அங்கே கணிதத்தில்தான் அரியர் வைப்பார்கள். +2 கணிதம் படித்த இவனுக்கு அந்தப் பயம் குறைவு.

டிப்ளமோவில் சிக்கல் ஆரம்பத்தில்தான். கூடப் படிப்பவர்கள் முதலாண்டிலேயே டிராயிங்கும் ஒர்க்‌ஷாப்பும் முடித்திருப்பார்கள். உடனே சர்க்யூட் தியரி வேறு வரும். ஏ.சி. சர்க்யூட் கணக்கெல்லாம் கலப்பு எண்களில்தான் போகும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் கலப்பு எண்கள் பாடத்தையும், இயற்பியலில் மாறுதிசை மின்னோட்டத்தையும் சேருவதற்கு முன்பே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். வைண்டிங் கடைக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கோடிங்கும் கோச்சிங்கும் இந்த இரண்டு வருடம் வேண்டாம்.

டிப்ளமோவா என்று பெரியப்பா மூக்கைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இன்னொன்று, சீட்டைப் பிடித்து வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் ஒரிஜினல் டி.சி.யையும் மார்க்‌ஷீட்டையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பாலிடெக்னிக்கில் சேரும் அன்று அவை கையில் இருக்க வேண்டும்.