அப்பா வீட்டை அடமானம் வைத்து ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்து, சேலத்தில் ஒரு நூற்பாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 38,000 ரூபாய், சேமிப்பு 6 லட்சம். அப்பா சிவதாபுரத்தில் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ‘நிறுவனம், வேலை, தொழில்நுட்பம்’ துறையில் ஓராண்டு ஆராய்ச்சி முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. மெஷின் வந்த பிறகு கொலுசுப் பட்டறைகளில் வேலையும் கூலியும் எப்படி மாறின என்பது என் தலைப்பு. கட்டணம் 21,000 பவுண்டு. வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. கல்விக் கடன் வட்டிக்கு 80இ வரிச்சலுகை இருக்கிறது, பயப்படாதீர்கள் என்கிறார் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சிக்காரர். போகலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வீட்டை வைத்துப் போகாதீர்கள். ஆனால் அந்தத் தலைப்பை விட்டுவிடாதீர்கள்.

முதலில் கணக்கு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலே கட்டணம் மட்டும் 24 லட்சத்தைத் தாண்டுகிறது. லண்டனுக்கு வெளியே தங்க மாதம் 1,171 பவுண்டு என்று விசாவுக்காக அந்நாட்டு அரசே வைத்திருக்கும் அளவு. 9 மாதத் தொகையை 28 நாள் தொடர்ந்து கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். ஆனால் நீங்கள் அங்கே இருக்கப்போவது 12 மாதம். அதற்கு 16 லட்சம். அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்டும் மருத்துவ சர்சார்ஜ் ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பு முடிந்த பிறகும் விசா சில மாதம் நீள்வதால் ஒன்றரை ஆண்டுக்குக் கட்ட வேண்டிவரும். விமானம், விசா எல்லாம் சேர்த்தால் 43 லட்சம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கிகள் வழக்கமாக 15 சதவீதம் நம் கைப்பணம் கேட்கும். உங்கள் 6 லட்சம் அதிலேயே போய்விடும். மீதி 37 லட்சம் கடன். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 10.5 சதவீதம் என்றால் இரண்டு ஆண்டில் கடன் 45 லட்சத்தை நெருங்கும். 10 வருஷத்தில் அடைக்க மாதம் 60,000 ரூபாய். 15 வருஷமாக நீட்டினாலும் 50,000-ஐ ஒட்டி வரும். உங்கள் இன்றைய சம்பளம் 38,000.

அந்த வரிச்சலுகை பழைய வரிமுறையில் மட்டும்தான் கிடைக்கும். இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை. அந்தப் பேச்சை ஒதுக்கிவிடுங்கள்.

அங்கேயே வேலை பார்த்து அடைக்கலாமே என்று தோன்றும். படித்து முடித்தவர்கள் தங்கி வேலை தேடும் விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்கு மேல் தங்க, புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கே பொதுவாக ஆண்டுக்கு 33,400 பவுண்டாவது சம்பளம் தரும் நிறுவனம் வேண்டும். ஆராய்ச்சி முதுகலை என்பது பிஎச்டிக்கு ஏறும் படி. கம்பெனிக்காரர்கள் தேடி எடுக்கும் பட்டம் இல்லை. இங்கே பிஎச்டி சேர அந்தப் படி தேவையும் இல்லை. பிஎச்டிக்கு முன் படிக்கும் எம்ஃபில்லையே 2022-ல் யுஜிசி நிறுத்திவிட்டது. 55 சதவீதம் எடுத்திருந்தால் உங்கள் எம்எஸ்டபிள்யூ போதும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் யுஜிசி நடத்தும் நெட் தேர்வை எழுதுங்கள். தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை, மனிதவளம் எல்லாம் ஒரே பாடமாக இருக்கிறது, எண் 55. தினமும் ஆலையில் நீங்கள் பார்க்கும் வேலைதான் அது. அதில் ஜேஆர்எஃப் என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. கடன் இல்லாமல், இன்றைய சம்பளத்தை ஒட்டிய தொகையில் அதே ஆராய்ச்சியைச் செய்யலாம்.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பட்டியல் சாதியினரோடு பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் அதில் சில இடங்கள் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சிக்கல்: இந்தியச் சமூகத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இல்லை என்று 2022-ல் விதியை மாற்றினார்கள். சிவதாபுரத்துக் கொலுசு அதில் மாட்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் படித்துவிட்டுத் தலைப்பை எழுதுங்கள்.

இந்தத் துறை இந்தியாவுக்குப் புதிதல்ல. வேலையிடத்தில் மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வந்தார். தானியங்கித் தறி போட்டும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. ஆளுக்கொரு துண்டு வேலை என்றிருந்ததை மாற்றி, சில தறிகளை ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விட்டதும் உற்பத்தியும் தரமும் உயர்ந்தன. அவர் கடல் கடந்து வந்து பார்த்ததை நீங்கள் வாசல்படியில் உட்கார்ந்தே பார்க்கிறீர்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். வெள்ளி விலை இப்படி ஏறிக்கிடக்கும்போது, வியாபாரி கொடுத்த வெள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டிய பட்டறைக்காரருக்கு அந்த வீடுதான் கடைசிப் பிடிமானம். அதன் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

முன்பணம் கட்டும் கடைசித் தேதிக்குள் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள். 6 லட்சத்தில் 2 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கி, மீதியை எஃப்டியில் போடுங்கள். அப்புறம், எடை, கூலி, சேதாரம் என்று அப்பா எழுதி வைத்த பழைய நோட்டுகள் பரணில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கி, செல்லரிக்கும் முன் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்துவிடுங்கள்.