சிக்னல்காரர் பதில்கள்

கேள்வி: எதிரியின் ஜிபிஎஸ்ஸை முடக்க வேண்டும் என்றால் செயற்கைக்கோளையே சுட்டுத் தள்ள வேண்டுமா?

எதற்கு அவ்வளவு சிரமம்? ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அது அனுப்பும் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது ரிசீவருக்குள்ளேயே இருக்கும் இரைச்சலைவிட மெலிந்துபோயிருக்கும். சிக்னலின் குறியீடு முன்பே தெரிந்திருப்பதால்தான் ரிசீவர் அதைத் தோண்டி எடுக்கிறது. அந்தச் சிக்னல் வரும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு லாரி ஜாமர், அதாவது இரைச்சல் அனுப்பி சிக்னலை அமுக்கும் கருவி, பக்கத்தில் இருந்து கத்தினால் கதை முடிந்தது. வானத்தில் எதையும் தொட வேண்டியதில்லை.

இப்படி அமுக்கும் ஜாமிங்கில் ஒரு நேர்மை உண்டு: 'சிக்னல் இல்லை' என்று கருவி சொல்லிவிடும். பொய் சிக்னல் அனுப்பும் ஸ்பூஃபிங் அப்படியல்ல. 2017 ஜூனில் கருங்கடலில், ரஷ்யத் துறைமுகமான நோவோரோசிஸ்க் அருகே கடலில் இருந்த கப்பல்களை, கரைக்கு உள்ளே இருக்கும் கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாக ஜிபிஎஸ் காட்டியது. கப்பலாக இருந்ததால் கேப்டன்கள் சுதாரித்துக்கொண்டார்கள். ஆளில்லாத விமானத்துக்கு அந்தச் சந்தேகம் எங்கே வரப்போகிறது?

கேள்வி: உக்ரைன் போரில் ட்ரோன்கள் ஒயரை இழுத்துக்கொண்டு பறக்கின்றனவாமே, நிஜமா?

நிஜம்தான். ஒயர் என்றால் மயிரிழை போன்ற கண்ணாடி இழை. ரேடியோவில் ஓட்டும் ட்ரோனுக்குக் கடைசி சில நூறு மீட்டர்தான் கண்டம். இலக்கை நோக்கித் தாழ இறங்கும்போது மரமும் மேடும் குறுக்கே வந்து சிக்னல் மெலியும். ஜாமரோ அந்த இலக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஓட்டுபவரின் திரையில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறி அணைந்துவிடும்.

கட்டளையும் படமும் இழையில் போனால் இந்தத் தொல்லை இல்லை. ட்ரோனில் பொருத்திய உருளையிலிருந்து இழை பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் அவிழ்ந்துகொண்டே போகும். ரேடியோ அலையே வெளிவராததால் எதிரியால் ஜாம் செய்யவும் முடியாது, ஒட்டுக்கேட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதற்கான விலையும் உண்டு: உருளையின் எடை வெடிமருந்தின் பங்கில் கைவைக்கும், இழை மரக்கிளையில் மாட்டி அறுந்தும் போகும். ஒயரைத் தலைமுழுகிவிட்டு வயர்லெஸ்ஸுக்கு வந்ததாகப் பெருமை பேசிய என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் ரோஷமான விஷயம்தான்.

கேள்வி: ரேடாரை ஏமாற்றுவது எல்லாம் கம்ப்யூட்டர் காலத்துத் தந்திரம்தானே?

இல்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் மீது பிரிட்டிஷ் விமானங்கள் அலுமினியத் தாள் பட்டைகளைக் கொட்டின. நீளம் சுமார் 27 சென்டிமீட்டர், அதாவது ஜெர்மானிய வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் 53 சென்டிமீட்டர் அலைநீளத்தில் பாதி. திரை முழுக்க எதிரொலி, விமானம் எது தாள் எது என்று தெரியவில்லை.

கேள்வி: அப்படியானால் செயற்கைக்கோளைச் சுடும் ஏவுகணை எதற்கு?

மிரட்டத்தான், என் கணக்கில். 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை 800 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் உடைத்ததில் கண்காணிக்கக்கூடிய துண்டுகள் மட்டுமே 3,000-க்கு மேல். 2021 நவம்பரில் ரஷ்யா தன்னுடையதை உடைத்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் விண்கலங்களுக்குள் போய்ப் பதுங்க வேண்டியிருந்தது. அவர்களில் ரஷ்யர்களும் உண்டு! இந்தியாவின் 2019 சோதனை 300 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே நடந்ததால் பெரும்பாலான துண்டுகள் சீக்கிரமே விழுந்து எரிந்தன.

நிஜப் போரில் கைகொடுத்தது வேறு வழி. 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவையில் தாக்குதல். அழிந்தது தரையில் இருந்த மோடம்களின் மென்பொருள். செயற்கைக்கோளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளுக்குத் தொலைக் கண்காணிப்பு அறுந்துபோனது.

கேள்வி: ரேடியோவில் பேசாமலே இருந்தால் தப்பிக்கலாமா?

பேசாவிட்டாலும் பையில் இருக்கும் செல்போன் டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கும். 2023 புத்தாண்டு நள்ளிரவில் கிழக்கு உக்ரைனில் ரஷ்யா பிடித்துவைத்திருந்த மகீவ்காவில் ரஷ்யச் சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டது. ரஷ்யக் கணக்குப்படியே 89 பேர் பலி. தடையை மீறிச் செல்போன் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றது ரஷ்ய ராணுவம். என்னைக் கேட்டால், அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்ததுதான் முதல் குற்றம். போன் இரண்டாவது.